பழைய கணினி மக்கர் செய்யும்போது: முதலில் கோப்புகள், அப்புறம் பழுது

வீட்டில் பத்து, பன்னிரண்டு வருடமாக ஓடும் டெஸ்க்டாப்புக்கு உதிரிபாகம் கிடைப்பது பெரிய பாடில்லை. ராம், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு என்று எதைக் கேட்டாலும் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாகவாவது தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் உள்ளே இருக்கும் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படமும், அப்பா ஸ்கேன் செய்து வைத்த பத்திரமும் எந்தக் கடையிலும் கிடைக்காது. கணினி படுத்துவிட்டால் நம் கவனம் முழுக்க அதை எழுப்புவதிலேயே போய்விடுகிறது. "ஃபார்மட் அடிச்சிடலாமா சார்?" என்று பழுது பார்ப்பவர் கேட்டால் தலையாட்டிவிடுகிறோம். டெஸ்க்டாப் திரையில் போட்டு வைத்திருந்ததெல்லாம் சி டிரைவோடு சேர்ந்து போனது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும்.

அதனால் எந்த அறிகுறி என்றாலும் முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறதா? நன்றாக இருந்தால் நிதானமாகப் பழுது பார்க்கலாம். சந்தேகம் என்றால் செக் டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவி), விண்டோஸ் ரிப்பேர், அப்டேட் எதையும் தொட வேண்டாம். மூன்றுமே டிஸ்க்கில் எழுதும் வேலைகள். கோப்புகளை எடுக்கும் வரை டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டுமே வேண்டும்.

கணினி ஓடுகிறது, பேக்கப் மட்டும் இல்லை

இதையும் ஒரு கோளாறாகவே எண்ணுங்கள். சரிசெய்ய மிகச் சுலபமானதும் இதுதான். 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று போதும். பழைய கணினிகள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 போர்ட்தான் இருக்கும். நொடிக்கு 30 எம்பி போனாலே நல்ல வேகம். 300 ஜிபி காப்பியாக மூன்று மணி நேரம் பிடிக்கும். அவசரப்படாமல் ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். பெரிய வீடியோ காப்பி ஆகாமல் "இடமில்லை" என்கிற மாதிரி செய்தி வந்தால், பெரும்பாலும் அந்த டிஸ்க்கோ பென் டிரைவோ எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது. கல்யாண வீடியோக்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். காலி டிஸ்க்காக இருந்தால் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும்; அதை முழுசாகக் காப்பி செய்யுங்கள். எக்ஸ்பி காலத்து மெஷின் என்றால் அது 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாம் அதில் அடங்கிவிடும். அப்புறம் டி டிரைவ்.

இதற்கு வெளியே ஒளிந்திருப்பவைதான் விட்டுப்போகும். வீட்டிலேயே கடைக் கணக்கு எழுதுபவர்களின் டேலி 'டேட்டா' ஃபோல்டர் பெரும்பாலும் சி டிரைவில் தனியாக இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் 10000, 10001 என்று ஐந்து இலக்க எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டேலியை மூடிய பிறகு அந்த 'டேட்டா' ஃபோல்டரை அப்படியே எடுங்கள். அவுட்லுக்கில் மெயில் பார்த்தவர்களுக்கு பிஎஸ்டி என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். பல வருட மெயில் அந்த ஒன்றுக்குள்தான். பிரவுசரில் உள்ள புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் தனியாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்த வீடுகளில் இன்னொன்றும் உண்டு: எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன்பு அடித்த கடிதங்கள், கவிதைகள், சங்க அறிக்கைகள், கல்யாண அழைப்பிதழ் வாசகங்கள் எல்லாம் பாமினி, வானவில், டாம், டாப் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழே தெரியாது. பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கெடவில்லை, எழுத்துருவை நிறுவினால் அப்படியே திரும்பி வரும். ஆகவே 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரைத் திறந்து தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் பேக்கப் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றத்தில் ஓரிரு எழுத்து பிசகினால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

எல்லாவற்றையும் 'காப்பி' செய்யுங்கள், 'கட்' வேண்டாம். முடிந்ததும் இரண்டு பக்கமும் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். அதோடு விட்டுவிடாமல், பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, வீடியோ ஒன்று, பிடிஎஃப் ஒன்று திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

'டக்... டக்...' என்று சத்தம். ஒரு ஃபோல்டர் திறக்க ஒரு நிமிடம்

இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி இது. டிஸ்க்கின் ஹெட் தகட்டைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதுதான் அந்தச் சத்தம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் உடனே ஷட்டவுன் செய்யுங்கள். "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்று நாலு தடவை பார்ப்பதற்குள் டிஸ்க் முழுசாகப் போய்விடலாம்.

சத்தம் இல்லை, தடுமாற்றம் மட்டும்தான் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். நீலத்தில் நல்ல நிலை, மஞ்சளில் எச்சரிக்கை, சிவப்பில் மோசம் என்று காட்டும். நிறத்தோடு நிற்காமல் கீழே உள்ள பட்டியலில் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. 05 என்பது டிஸ்க் தானே ஒதுக்கிவைத்து மாற்று இடம் கொடுத்த கெட்ட செக்டர்களின் கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. சி6 என்பது சோதனையிலும் தேறாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. 05-ல் சின்ன எண் ஒன்று மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் உடனே பயம் வேண்டாம், ஆனால் பேக்கப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். சி5 இன்று 8, நாளை 40 என்று ஏறினால் அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. சி7 மட்டும் ஏறினால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் இருக்கும். கேபிளை மாற்றிவிட்டு அந்த எண் மேலும் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

தடுமாறும் டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது விண்டோஸைக் கிளப்ப வேண்டாம். அது பின்னணியில் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ரூஃபஸ் என்ற மென்பொருள் வழியாக ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய கணினியை அதிலிருந்து பூட் செய்ய, அதாவது கிளப்ப, வேண்டும். பூட் மெனு வர எஃப்12, எஃப்9, எஃப்8 என்று கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறும். உள்ளே போனதும் 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாமல், ஃபோல்டர்களைத் திறந்து காப்பி மட்டும் செய்யுங்கள். சின்னதும் முக்கியமானதுமான கோப்புகள் முதலில்: பத்திரங்கள், கணக்கு, படங்கள். சினிமாவும் பாட்டும் கடைசி. ஒரு ஃபோல்டரில் சிக்கினால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போங்கள்.

நிறைய இடங்களில் சிக்கினால் குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி கைகொடுக்கும். சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எடுத்து வைக்கும் டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும், அதில் முக்கியமான எதுவும் இருக்கக் கூடாது. எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். எண்டர் தட்டும் முன் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, டிஸ்க்கின் அளவையும் மாடல் எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். செக் டிஸ்க், ரெகவரி மென்பொருள் எல்லாம் அப்புறம் அந்த நகலின் மேல்தான்.

சத்தம் பலமாக இருந்தாலோ, டிஸ்க் சுழலவே இல்லை என்றாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே ஈரம் கோக்கும். மூடியைத் திறந்தால் தூசி தகட்டைக் கெடுக்கும். தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெகவரி மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதால், உள்ளே இருப்பது அந்த அளவுக்கு வேண்டியதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். முடிவெடுக்கும் வரை டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காமல் வைத்திருந்தாலே போதும்.

ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டிஸ்க்' என்ற இடத்தைப் பாருங்கள். எதுவும் செய்யாதபோதே 100 சதவீதத்தில் நின்றால் முதலில் மேலே சொன்ன 05, சி5, சி6 சோதனை. அதில் தேறினால் பயமில்லை; சி டிரைவில் இடம் இருக்கிறதா, ராம் 2 ஜிபியா 4 ஜிபியா என்று பார்க்கலாம். இந்த நிலையில் என் பரிந்துரை ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க். பத்து வருட கணினியை மறுபடி ஓடவைக்க இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை. விண்டோஸை அதில் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கைத் துடைக்காமல் இரண்டு மாதமாவது அப்படியே எடுத்து வையுங்கள். விட்டுப்போன கோப்பு ஏதாவது ஒன்று கட்டாயம் ஞாபகத்துக்கு வரும்.

தினமும் தேதி மாறிப்போகிறது. எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. எட்டணா அளவில் வட்டமாக இருக்கும், 3 வோல்ட், வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். தேதி பல வருடம் பின்னால் போனால் வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொண்டு "பாதுகாப்பற்றது" என்கிறது. வைரஸ் என்று பயந்து ஃபார்மட் வரை போக வேண்டியதில்லை.

பேட்டரியைக் கழற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக 'சாட்டா மோட்' என்ற வரி ஏஹெச்சிஐயில் இருக்கிறதா, ஐடிஇயிலா என்று. பேட்டரி மாற்றியதும் அமைப்புகள் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய்விடும். அந்த வரி மாறினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது போலத் தோன்றும். படத்தைப் பார்த்து அந்த ஒரு வரியைத் திருப்பினால் எழுந்துவிடும்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, பீப் சத்தம்

பெரும்பாலும் ராம். பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, ராமின் இருபக்கக் கிளிப்பையும் விலக்கி எடுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, கிளிப் 'டக்'கென்று மாட்டும் வரை அழுத்துங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இந்தப் பற்கள் சீக்கிரம் கறுத்துப்போகும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இதிலும் எழவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸோ மதர்போர்டோ போயிருக்கலாம். இதற்காகக் கோப்புகளை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை. டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி சாட்டா அடாப்டரில் மாட்டி வேறு கணினியில் படிக்கலாம். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி பவர் வருகிற அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப் டிஸ்க்குக்கு யுஎஸ்பி பவரே போதும். "இந்த ஃபோல்டருக்கு அனுமதி இல்லை" என்று கேட்டால் 'கன்டினியூ' கொடுங்கள். கணினியைப் பழுதுக்குக் கொடுப்பதானால் டிஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுங்கள். ராம், போர்டு, எஸ்எம்பிஎஸ் சோதிக்க உங்கள் டிஸ்க் தேவையில்லை.

அரை மணி நேரத்தில் தானாக அணைகிறது

சூடு. பிராசசர் மேல் இருக்கும் ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் தூசி கம்பளம் மாதிரி படிந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டி, ஃபேனை விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு ஊதி எடுங்கள். பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் பழசைத் துடைத்துப் புதுசு வையுங்கள். கரண்ட் போன நொடியே அணைகிறதென்றால் அது யுபிஎஸ் பேட்டரி. 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது டிஸ்க்குக்கும் கோப்புக்கும் கேடு என்பதால் இதை ஒத்திப்போடாதீர்கள்.

"பூட் டிவைஸ் இல்லை" என்று கருப்புத் திரை

முதலில் செருகியிருக்கும் பென் டிரைவைப் பிடுங்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையோ விண்டோஸோ குழம்பியிருக்கிறது. லினக்ஸ் பென் டிரைவ் வழியாகக் கோப்புகளை எடுத்துவிட்டு விண்டோஸைத் திரும்பப் போடலாம். தெரியவில்லை என்றால் சாட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றி மாட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மேலே சொன்ன 'டக் டக்' பகுதிக்குப் போங்கள்.

பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்த பென் டிரைவில் அடிக்கடி வருவது. கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஷார்ட்கட்டையும் கிளிக் செய்யாதீர்கள். கிளிக் செய்தால் வைரஸ் கணினிக்குள் இறங்கும். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து திறந்தால் உண்மையான கோப்புகள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் இருக்கும். அவற்றைக் காப்பி செய்துவிட்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புது எழுத்துகள். பணம் கேட்டு ஒரு குறிப்பு

ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். நெட்டைத் துண்டித்து, கணினியை அணையுங்கள். பேக்கப் டிஸ்க்கைச் செருகவே கூடாது, அதையும் பூட்டிவிடும். எப்போதும் செருகியே வைத்திருக்கும் டிஸ்க் இதற்கு உதவாது என்பதால்தான் பேக்கப் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைக்கச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது. இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் ஒரு தனி டிஸ்க்கில் வையுங்கள்.

நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. சற்றுப் புதிய லேப்டாப்களில் பயாஸ் அமைப்பு மாறினாலோ போர்டு மாற்றினாலோ வரும். முதலில் நிறுவும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்து உள்நுழைந்தால் பெரும்பாலும் அந்த எண் இருக்கும். எண் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியும் பயனில்லை. இப்போதே தேடி, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் 10 "ஆதரவு முடிந்தது" என்கிறது

2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பத்து வருட டெஸ்க்டாப் பெரும்பாலும் தேறாது. குறுக்கு வழியில் ஏற்றுவதைவிட, வங்கி வேலையை வேறு கருவிக்கு மாற்றிவிட்டு, இதில் லினக்ஸ் மின்ட் போடுவதே நல்லது என்பது என் எண்ணம். லிப்ரே ஆஃபீஸில் கடிதம் எழுத, படம் பார்க்கப் போதும். போடும்போது டிஸ்க் முழுக்கத் துடைபடலாம் என்பதால் பேக்கப்பை வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகே தொடங்குங்கள்.

பேக்கப் டிஸ்க்கே தெரியவில்லை, அல்லது "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது

'கேன்சல்' கொடுங்கள். முன்பக்க போர்ட்டுக்கு வரும் மின்சாரம் பழைய கேபினட்டில் பலவீனமாக இருக்கும். டிஸ்க் விளக்கு எரிந்தும் சுழலாது. கேபினட்டின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் நேராகச் செருகுங்கள், ஹப் வேண்டாம். கேபிளை மாற்றிப் பாருங்கள். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திரையில் டிஸ்க் இருந்து, சி, டி போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால், ரைட் கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் வந்துவிடும். அங்கே 'ரா' என்று காட்டினால் கோப்பு அமைப்பு சிதைந்திருக்கிறது. எதையும் எழுதாமல் வேறு கணினியில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பார்த்துவிட்டு, டிடிரெஸ்க்யூவால் முழு நகல் எடுங்கள். கணினியில் மூலக் கோப்புகள் இன்னும் இருந்தால் அன்றைக்கே வேறொரு டிஸ்க் வாங்கி அவற்றை அதில் ஏற்றுங்கள். படங்கள் மட்டுமாவது மூன்றாவதாக ஓரிடத்தில், வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டு டிஸ்க்கிலோ ஆன்லைனிலோ, இருக்கட்டும். கூகுளில் இலவசமாக 15 ஜிபி வரை கிடைக்கும். முதலில் ஏற்ற வேண்டியது ஸ்கேன் செய்த பத்திரங்களும் குழந்தைகளின் படங்களும்.